பினாங்கு நீதிமன்றத்தில் இருப்பது எந்த அம்மன்?

ஒரு தம்பி கேட்டிருந்தார். நிலத் தகராறு ஒன்றுக்காகப் பாட்டியைப் பினாங்கு உயர் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வளாகத்தில் ஒரு பளிங்கு நினைவுச்சின்னம், அதில் நான்கு பெண் உருவங்கள். பாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். அப்புறம் மெதுவாகப் பேரனிடம், "இது எந்த அம்மன்டா?" பேரனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற காவலருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் யார், ஏன் நால்வருமே பெண்கள், இதே மாதிரி கோலாலம்பூர் அரசாங்கக் கட்டடங்களில் ஏன் கண்ணில் படுவதில்லை என்று மூன்று கேள்விகளை எனக்குத் தள்ளிவிட்டார்.

ஜார்ஜ் டவுனில் கட்டட வரைவாளராக முப்பது வருஷம் பென்சில் தேய்த்தவன் நான். சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சின்னம் யாருக்கு என்பது. அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு எழுப்பியது. வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர். 1847-ல் இந்த வட்டாரத்தின் மொழிகளையும் மக்களையும் பற்றி எழுத ஓர் ஆய்விதழ் தொடங்கியவர். 'இந்தோனேசியா' என்ற சொல்லை 1850-ல் அந்த இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைக்காக நீதிமன்றத்தில் குரல் கொடுத்தார் என்பதுதான் பினாங்கு அவரை நினைவில் வைத்திருக்கும் காரணம். 1869-ல் இங்கேயே இறந்தார். நார்தாம் ரோட்டுப் பழைய கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

சின்னத்தில் இருக்கும் நால்வர் நீதி, விவேகம், மனத்திண்மை, தன்னடக்கம். பிளேட்டோ காலத்திலிருந்து ஐரோப்பியர்கள் தலையாய நற்குணங்கள் என்று எண்ணிவரும் நான்கு. பிறகு கிறிஸ்தவ சபையும் அதே நான்கை எடுத்துக்கொண்டது. செத்துப்போன பெரிய மனிதரைச் சுற்றி இந்த நால்வரையும் வைத்தால் 'இவரிடம் இந்தக் குணங்கள் இருந்தன' என்று பொருள். கல்வெட்டில் நாலு வரி புகழ்மாலை எழுதுவதற்குப் பதில் நாலு பெண்களை வைத்துவிடுவது. இப்படி ஒரு குணத்துக்கோ கருத்துக்கோ உடம்பு கொடுத்துச் செய்வதைத்தான் உருவகச் சிற்பம் என்கிறோம்.

ஆக, அம்மன் இல்லை. ஆனாலும் பாட்டி கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. அவர் வளர்ந்த கோயிலில் ஒரு பெண் உருவத்தைப் பார்த்தால் அடுத்து எழும் கேள்வியே 'இது யார்?' என்பதுதான். அதற்கு விடை எங்கே இருக்கும் என்றும் அவருக்குத் தெரியும்: கையில். சிற்பிக்கு முகத்தில் செய்ய அதிகம் இல்லை, எல்லா அம்மன் முகமும் ஏறக்குறைய ஒன்றுதான். சூலம் இருந்தால் ஒருத்தி, வீணை இருந்தால் ஒருத்தி, கையிலிருந்து காசு கொட்டினால் இன்னொருத்தி.

ஐரோப்பியச் சிற்பமும் இதே விதிப்படிதான் நடக்கிறது. நீதிக்கு வாளும் துலாக்கோலும். விவேகத்துக்குக் கண்ணாடியும் பாம்பும். தன்னையே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் என்று கண்ணாடி, சூட்சுமத்துக்குப் பாம்பு. மனத்திண்மைக்குத் தூண் அல்லது சிங்கம். தன்னடக்கம் ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவாள், திராட்சை மதுவில் நீர் கலந்து வேகத்தைக் குறைக்கிறாள் என்று கணக்கு; சில இடங்களில் குதிரைக் கடிவாளம் பிடித்திருப்பாள். இதற்கெல்லாம் கையேடே உண்டு. 1593-ல் செசாரே ரிபா என்ற இத்தாலியர் எந்தக் குணத்துக்கு எந்த உடை, எந்தப் பொருள் என்று அகரவரிசையில் தொகுத்து ரோமில் அச்சிட்டார். அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் ஓவியர்களும் சிற்பிகளும் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஸ்தபதிகளுக்கு ஆகம நூல்களும் தியான சுலோகங்களும் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

நீதி தேவதையின் கண்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலோர் அது ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்கிறார்கள். இல்லை. பழைய ரோமானிய நீதிக்குக் கண்கட்டு கிடையாது. 1494-ல் பாசல் நகரில் அச்சான ஒரு நையாண்டி நூலில் ஒரு கோமாளி நீதியின் பின்னால் நின்று அவள் கண்ணைக் கட்டுவது போல ஒரு மரச்செதுக்குப் படம் வந்தது. நீதிமன்றங்கள் குருட்டுத்தனமாக நடக்கின்றன என்ற கிண்டல் அது. சில தலைமுறைகளுக்குள் அந்தக் கிண்டலையே பெருமையாக மாற்றிக்கொண்டார்கள்: 'ஆள் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவள்.' லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் உச்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்திய தங்க நிறத்து நீதிக்கு இன்றும் கண்கட்டு இல்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2024 அக்டோபரில் செய்தியான புதிய சிலையில் கண்கட்டை எடுத்துவிட்டார்கள், வாளுக்குப் பதில் கையில் அரசியல் சாசனம், உடம்பில் சேலை. துலாக்கோல் மட்டும் அப்படியே. கையில் இருப்பதை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறாள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதை நான் கண்ணாலேயே பார்த்த இடம் நீதிமன்றம் இல்லை, ஒரு கோயில். பெயர் வேண்டாம், வடக்கே ஒரு சிறிய ஊர். திருப்பணிக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். வரைபடம் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாரத்தில் ஏறிப் பார்த்தால்தான் சுதைச் சிற்பம் எப்படி இருக்கிறது என்று தெரியும்: உள்ளே செங்கல், கைக்குக் கம்பி, கம்பியைச் சுற்றிச் சிறு கம்பிச் சுருள், அதன்மேல் சிமெண்டுச் சாந்து. உடம்பு கெட்டி. கைதான் முதலில் போகும். மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து உப்ப, சாந்து வெடித்து, விரலோடு ஆயுதமும் விழுந்துவிடும். அந்தக் கோயிலில் அஷ்ட லட்சுமி வரிசையில் தானிய லட்சுமியின் கை அப்படிப் போயிருந்தது. நெற்கதிர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய ஸ்தபதிக்கு விசா தாமதமானது, கும்பாபிஷேகத் தேதி நெருங்கியது. உள்ளூர்க் குத்தகையாளர் ஒரு கையைச் செய்து, அதில் ஒரு தாமரையை வைத்துவிட்டார். தாமரை செய்வது சுலபம், அச்சு இருந்தது. இன்று அந்த வரிசையில் ஏழு லட்சுமிகள்தான் இருக்கிறார்கள், ஒருத்தி மட்டும் இரண்டு தடவை. நான் சொன்னேன். "கீழேயிருந்து யார் அண்ணே பார்க்கப்போறாங்க?" என்றார்கள்.

அஷ்ட லட்சுமியை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. தைரியம், வெற்றி, தானியம், பிள்ளைப்பேறு என்று ஒவ்வொரு பேறுக்கும் ஓர் உருவம். ஐரோப்பியர்களின் குணப் பெண்களுக்கு இதைவிட நெருங்கிய உறவு நம்மிடம் வேறு இல்லை. நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகனையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் ஒரு தனி அசுரன் என்பதைவிட அறியாமைக்குக் கொடுத்த உடம்பு. விஷ்ணுவின் ஆயுதங்களைக்கூட ஆளாகச் செய்து நிறுத்தும் மரபு நமக்கு உண்டு. சக்கரத்தாழ்வார் சக்கரத்தின் ஆள் வடிவம்தானே. வேற்றுமை ஒன்றே ஒன்று. நம் உருவங்களுக்குக் கண் திறந்து கும்பாபிஷேகம் செய்கிறோம், அதன் பிறகு அது அடையாளம் இல்லை, தெய்வம். லோகன் சின்னத்துப் பெண்களுக்கு யாரும் கண் திறக்கவில்லை.

கடவுள் என்று சொல்லாமல் கருத்துக்கு உடம்பு கொடுத்ததும் நம்மிடம் இருக்கிறது. சென்னை மெரினாவில் கண்ணகி. கையில் ஒற்றைச் சிலம்பை நீட்டிக்கொண்டு நிற்பதால் அவள் நீதி கேட்பவள். சிலம்பை எடுத்துவிட்டால் யாரோ ஒரு கோபக்காரப் பெண். அதே கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-ல் நிறுவிய உழைப்பாளர் சிலை: பாறையைப் புரட்டும் நான்கு பேர், எவருக்கும் பெயர் கிடையாது, அது உழைப்பு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் நிற்கிறார், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட கதையே அங்கே நீதியின் உருவம். தமிழ்த்தாயைச் சொல்லவே வேண்டாம். ஒரு மொழிக்குப் பெண் உடம்பு கொடுத்து, வாழ்த்துப் பாடி, காரைக்குடியில் கோயிலும் கட்டியாகிவிட்டது.

சரி, ஏன் பெண்? கவித்துவமான பதில்கள் நிறைய சொல்வார்கள். பாதிக் காரணம் வெறும் இலக்கணம். லத்தீனில் நீதி, விவேகம், மனத்திண்மை, தன்னடக்கம் ஆகிய நான்கு சொற்களும் பெண்பால். சொல் பெண்பால் என்றால் சிலையும் பெண். தமிழில் அறம் அஃறிணை, அதற்கு ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. வடமொழியில் தர்மம் ஆண்பால். அதனால்தான் தர்மதேவன், தர்ம ரிஷபம் என்று ஆளாகவும் காளையாகவும் வருகிறது. ஆனால் நிலம், திரு, கலை என்றால் நாமும் உடனே மகள் சேர்த்துவிடுகிறோம்: நிலமகள், திருமகள், கலைமகள். சும்மா சோம்பியிருப்பவனைப் பார்த்து நிலம் என்னும் பெண் சிரிப்பாள் என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார். நிஜப் பெண்களுக்கு அந்த நீதிமன்றத்தில் வழக்காட இடமில்லாத காலத்தில் வாசலில் பெண்ணை நீதியாக வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகவே நடந்தன, யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை.

இனிக் கோலாலம்பூர். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பினாங்கு நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த குடியேற்றம். 1807-ல் அரச சாசனம் வந்து, 1808-ல் நீதிமன்றமே தொடங்கிவிட்டது. இங்கே கட்டியவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தங்கள் ஊர்ப் பாணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்: வெள்ளைத் தூண்கள், முக்கோண முகப்பு, பளிங்குச் சிலைகள். கோலாலம்பூர் சிலாங்கூர் சுல்தானின் மண். அங்கே பிரிட்டிஷார் ஆலோசகர் என்ற பெயரில் ஆண்டார்கள். 1890-களில் இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பியச் செவ்வியல் பாணியில்தான் வரைந்தார். மாநிலப் பொறியாளர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. 'முகம்மதிய பாணி' வேண்டும் என்றார். பிட்வெல் என்ற உதவியாளர் மறுபடி வரைந்தார். வட இந்திய முகலாயக் குவிமாடமும் குதிரைலாட வளைவும் மலாயாவுக்குள் நுழைந்தது அப்படித்தான். மலாய்க்காரர்களின் கட்டடக் கலைக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், ஆனால் கட்டடம் அழகு, அதை மறுக்க முடியாது. அந்தப் பாணிக்குள் மனித உருவத்துக்கு இடமே இல்லை. 1897-ல் திறந்த அந்தக் கட்டடத்தில் 41 மீட்டர் மணிக்கூண்டு இருக்கிறது, செப்புக் குவிமாடங்கள் இருக்கின்றன, ஒரு முகம் கிடையாது.

ஒரே நிறுவனம் இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடந்துகொண்டதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே, தலைமையகம் கோலாலம்பூர். 1910-ல் ஹப்பக் வடிவமைத்த கோலாலம்பூர் நிலையம்: சிறு குவிமாட மண்டபங்கள், வளைவுகள், உருவம் எதுவும் இல்லை. அதே ரயில்வே 1932-ல், பினாங்கைப் போலவே நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் நிலையம் கட்டியது. முகப்பில் நான்கு வெண்பளிங்கு ஆட்கள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். ரயில்வேயின் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். செய்தது இத்தாலி ஃபுளோரன்ஸில் உள்ள ஒரு சிற்பக்கூடம். இருபத்திரண்டு வருஷத்தில் நாகரிகம் மாறியது ஒரு காரணம்தான், ஆனால் யார் மண்ணில் நிற்கிறோம் என்பதும் காரணம். சிங்கப்பூரில் பழைய உச்ச நீதிமன்றத்தின் முக்கோண முகப்பிலும் ருடால்போ நோல்லி என்ற இத்தாலியர் 1930-களின் கடைசியில் நீதியைச் சுற்றி ஒரு கூட்டத்தையே செய்து வைத்தார். நடுவில் நிற்கும் நீதியின் உயரம் 2.7 மீட்டர். இப்போது அது தேசியக் கலைக்கூடம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை திரும்பியது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960-ல் அமெரிக்கா போனபோது சிற்பி ஃபெலிக்ஸ் டி வெல்டனைச் சந்தித்தார். ஐவோ ஜீமா தீவில் கொடி நடும் வீரர்களை ஆர்லிங்டனில் வெண்கலத்தில் வார்த்தவர். அவர் செய்ததுதான் 1966-ல் கோலாலம்பூரில் திறந்த துகு நெகாரா என்ற தேசிய நினைவுச்சின்னம், சுமார் 15 மீட்டர். பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்திருப்போம், யாரும் எண்ணியிருக்க மாட்டோம். ஏழு உருவங்கள். தலைமை, துன்பம், ஒற்றுமை, விழிப்பு, வலிமை, துணிவு, தியாகம் என்று ஏழு குணங்கள். உச்சியில் ஒருவன் கொடி பிடிக்கிறான், தலைமை என்பது அந்தக் கொடியால்தான் தெரிகிறது. ஒருவன் காயப்பட்ட தோழனைத் தாங்கிக்கொண்டிருக்கிறான். காலடியில் விழுந்து கிடக்கிறார்கள் இருவர், எதிரிகள். கோயிலுக்குப் போய்ப் பழகிய கண்ணுக்கு அந்த அடி வரிசை சட்டென்று பிடிபடும், முயலகன் கிடக்கும் இடம் அது. முகங்கள் நம்மூர் முகங்களாக இல்லை என்ற முணுமுணுப்பு அன்றிலிருந்து உண்டு, நானும் முணுமுணுத்தவன்தான். 1975 ஆகஸ்டில் அதற்குக் குண்டு வைத்தார்கள். சீர்செய்து 1977-ல் மறுபடி நிறுத்தினார்கள். கருத்துக்குக் கொடுத்த உடம்பை எதிரியும் உடம்பாகவே எடுத்துக்கொள்கிறான் பாருங்கள். பிறகு வேறு திசையிலிருந்து கேள்வி வந்தது. மனித உருவத்தின் முன் அஞ்சலி செலுத்துவது சரியா என்று இஸ்லாமிய அறிஞர்கள் கேட்டார்கள். வீரர் தினச் சடங்கு அங்கிருந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அதனால் கோலாலம்பூரில் கருத்து இன்னொரு வழியைப் பிடித்தது. ஆளைச் செதுக்கிக் கட்டடத்தில் வைப்பதை விட்டு, கட்டடத்தையே அந்தப் பொருளாக்கிவிட்டார்கள். ஹிஜாஸ் கஸ்தூரி வரைந்த, ஹஜ் யாத்திரைச் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜியின் கட்டடத்தைத் தாங்கும் ஐந்து தூண்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகள். அவரே வரைந்த மே பேங்க் கோபுரம் மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியை நினைவூட்டுவது. பெட்ரோனாஸ் கோபுரங்களின் தளவரைவு எட்டு முனை நட்சத்திரத்திலிருந்து பிறந்தது. மெர்டேக்கா 118-இன் மேல்பகுதி துங்கு 1957-ல் 'மெர்டேக்கா' (சுதந்திரம்) என்று முழங்கியபோது தூக்கிய கையைக் குறிக்கிறதாம். எனக்கு எப்படிப் பார்த்தாலும் கை தெரியவில்லை, கண்ணாடிச் சில்லு மாதிரிதான் தெரிகிறது. சொன்னால்தான் புரியும் உருவகம் பாதி உருவகம் என்பது என் கட்சி. அந்த வகையில் நெகாரா அருங்காட்சியகத்து முகப்பில் 1963-ல் சியோங் லாய் தோங் செய்த இரண்டு நீண்ட கண்ணாடிச் சில்லு ஓவியங்கள் எவ்வளவோ மேல், ஆட்களை ஆட்களாகவே காட்டிவிடுகின்றன.

பினாங்கில் மூன்றாவது ஒரு மொழியும் உண்டு, சீனக் குலச் சங்கங்களான கோங்சிகளின் மொழி. அங்கே வௌவால் செதுக்கியிருந்தால் பயப்படாதீர்கள். சீனத்தில் வௌவாலும் நற்பேறும் ஒரே ஓசை. மீனும் மிகுதியும் ஒரே ஓசை. ஐரோப்பியரும் நாமும் கையைப் பார்த்துப் படிக்கிறோம், அவர்கள் காதால் படிக்கிறார்கள்.

அடுத்த விசாரணைத் தேதிக்குப் போகும்போது கொஞ்சம் முன்னாடியே போங்கள். ஒவ்வொரு பெண்ணின் கையையும் பாட்டிக்குக் காட்டுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள், அவரே சொல்லட்டும். வேலை முடிந்ததும் நடக்கிற தூரத்தில் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 1833-லிருந்து அங்கே இருப்பவள், அவள் நிஜமாகவே அம்மன். செருப்பை அங்கே கழற்றிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. பாட்டி அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டது நீதியின் முன்னாலா, தன்னடக்கத்தின் முன்னாலா? நிலத் தகராறு என்கிறீர்களே, அதனால் கேட்கிறேன்.